பரண் மேல் துப்பாக்கி, தரையில் பிள்ளை!

2020-ம் வருஷம் ஜூன் மாதம். கொரோனா ஊரடங்கு நேரம். திருச்சி மாவட்டம் தொட்டியம் பக்கம் அலகரை என்று ஒரு கிராமம். மீன் பிடிப்பதற்காகச் சில பேர் வெடி வாங்கி வந்தார்கள். வெடித்தது போக மிச்சம் இருந்ததை ஒரு வீட்டில் வைத்தார்கள். பூட்டிய பெட்டியிலா? இல்லை. சும்மா, கைக்கு எட்டுகிற இடத்தில்.

அந்த வீட்டில் ஆறு வயசுப் பையன் ஒருவன் இருந்தான். ஏதோ தின்பண்டம் என்று நினைத்தான். எடுத்தான். கடித்தான்.

அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நடந்தது இன்னும் கொடுமை. போலீசுக்குத் தெரிந்தால் வம்பு என்று பயந்து, சத்தம் காட்டாமல் இறுதிச் சடங்கை முடித்து விட்டார்கள். விஷயம் வெளியே கசிந்தது. போலீசார் வந்தார்கள். கைது நடந்தது. மாலைப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. மறுநாள் வேறு செய்தி வந்துவிட்டது.

அதற்கு ரெண்டு வாரம் முந்தித்தான் கேரளாவில் பாலக்காடு ஜில்லாவில் கர்ப்பமாயிருந்த காட்டு யானை ஒன்று வெடி வைத்த பழத்தைக் கடித்து, வாய் சிதறி, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது. அதற்கு நாடே அழுதது. மந்திரிகள் பேசினார்கள். நடிகர்கள் பேசினார்கள். அழ வேண்டியதுதான், தப்பில்லை. ஆனால் அலகரைப் பையனுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு அழுகை கூடக் கிடைக்கவில்லையே என்பது நமக்கு இன்னும் ஆறாத மனக்குறை.

திருச்சிச் செய்தி இங்கே எதற்கு?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உட்கார்ந்துகொண்டு திருச்சிக் கதையை எதற்கு எழுதுகிறாய் என்று கேட்கலாம். மேற்கே திரும்பிப் பாருங்கள், விடை தெரியும். மலை நிற்கிறது. மலைக்குக் கீழே தோப்பு நிற்கிறது. தோப்புக்குள் காவல் குடிசை. குடிசைக்குள் குடும்பம். குடும்பத்தில் பிள்ளைகள்.

தேவதானம், சேத்தூர், முடங்கியார் ரோடு, மம்சாபுரம், செண்பகத்தோப்பு, வத்திராயிருப்பு என்று மலையடிவாரம் முழுக்க மா, தென்னை, கரும்பு, வாழை. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே 51-வது காப்பகம். ஆயிரம் சதுர கிலோ மீட்டருக்கு மேல் பரப்பு. நமக்குப் பெருமைதான். ஆனால் காட்டுப் பன்றிக்கு எல்லைக்கல் தெரியாது. ராத்திரி இறங்கும். விடிவதற்குள் ஒரு ஏக்கர் பயிரைக் கிளறிப் போட்டுவிட்டு மலைக்குப் போய்விடும். கடன் வாங்கி விதைத்தவன் காலையில் வந்து தலையில் கை வைத்து உட்காருவான்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் சில வீடுகளுக்குள் ரெண்டு சாமான்கள் நுழைகின்றன. ஒன்று அவுட்டுக்காய். இன்னொன்று நாட்டுத் துப்பாக்கி.

அவுட்டுக்காய் என்றால் தெரியாதவர்களுக்கு: வெடிமருந்தை உருட்டி, பன்றிக்குப் பிடித்த தீனியைச் சுற்றி வைப்பது. பன்றி கடித்தால் வாய் வெடிக்கும். கவனியுங்கள். அது தீனி மாதிரி இருக்க வேண்டும் என்றே செய்யப்படுகிற சாமான். பன்றியை ஏமாற்றுகிற சாமான் மூணு வயசுப் பிள்ளையை ஏமாற்றாதா? மாட்டையும் நாயையும் ஏமாற்றித்தான் இருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டு வருகிறவனுக்குப் புத்தி எங்கே போகிறது என்று தெரியவில்லை. அதற்குப் பத்திரமான இடம் என்று வீட்டில் ஒன்று கிடையவே கிடையாது. அதைப் பற்றி இதற்கு மேல் பேச்சு இல்லை.

துப்பாக்கியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

கெட்டித்த துப்பாக்கி

தோப்புக் காவலுக்கு இருந்த ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஊர், பேர் வேண்டாம். அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"துப்பாக்கி எங்க தாத்தா வச்சிருப்பாங்க, இந்தப் பக்கத்துல?" என்றேன்.

"பரண்ல தம்பி. இல்லன்னா கூரை இடுக்குல சொருகி வச்சிருப்பாங்க. கதவு மூலையில சாத்தி வச்ச ஆளும் உண்டு."

"மருந்து இல்லாமத்தானே?"

பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பட்டணத்துப் பயலைப் பார்க்கிற பார்வை.

"பன்னி வந்து நிக்கிறப்ப, இரு, மருந்து கெட்டிச்சுட்டு வாரேன்னா அது நிக்குமா? கெட்டிச்சுத்தான் வச்சிருப்பாங்க."

விஷயம் இங்கேதான் இருக்கிறது. தோட்டா போடுகிற துப்பாக்கி வேறு. தோட்டாவை உருவி விட்டால் அது வெறும் இரும்பு. நாட்டுத் துப்பாக்கி அப்படி இல்லை. குழாயின் வாய் வழியாக மருந்து போட்டு, நார் அடைத்து, ரவை போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிப்பது. ஒரு தடவை கெட்டித்தால் திரும்பவும் எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. பெரும்பாலும் சுட்டுத்தான் காலி பண்ணுவார்கள். சத்தம் கேட்டால் வனத்துறை வரும், போலீஸ் வரும். அதனால் சுடவும் மாட்டார்கள். கெட்டித்தது கெட்டித்தபடியே பரணில் கிடக்கும். ஒரு மாசம், ஒரு வருஷம். அப்பன் வைத்ததை மகன் மறந்து போயிருப்பான்.

"அது பழசு, துருப்பிடிச்சது, வெடிக்காது" என்பார்கள். தப்பு. கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் பல வருஷம் கழித்தும் பற்றும். இந்த ஜில்லாவில் மருந்தைப் பற்றி யாருக்கும் பாடம் நடத்தத் தேவையில்லை. சிவகாசி இருக்கிறது பக்கத்தில். பட்டாசு ஆலையில் ஒரு அறைக்குள் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று கணக்கு உண்டு. ஒரு உரசல் போதும் என்பது பட்டாசு வேலைக்குப் போகிற பெண்களுக்கெல்லாம் தெரியும். அதே மருந்து கூரை இடுக்கில், அடுப்புக்கு மேலே, கேட்பாரில்லாமல் கிடக்கிறது.

இந்தத் துப்பாக்கியில் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. பட்டறையில் அடித்தது. எந்த இடத்தில் எப்போது நழுவும் என்று அடித்தவனுக்கே தெரியாது. பிள்ளை எடுக்கக்கூட வேண்டாம். பரணில் பந்து தேடும்போது கீழே தள்ளி விட்டால் போதும்.

பிள்ளை அதை என்ன செய்யும்?

தீபாவளிக்கு நாமே என்ன வாங்கிக் கொடுக்கிறோம்? பொட்டுவெடித் துப்பாக்கி. சுருள் கேப்பு. வாங்கின பயல் முதலில் என்ன செய்கிறான்? தங்கச்சியைப் பார்த்து நீட்டி "டுமீல்" என்கிறான். நாமும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து விழுகிறோம். அவன் சிரிக்கிறான். சினிமாவிலும் அதைத்தான் பார்க்கிறான். துப்பாக்கி கையில் கிடைத்தால் ஆள் மேல் நீட்ட வேண்டும் என்பது அவனுக்கு விளையாட்டு விதி. பரணில் கிடைக்கிற துப்பாக்கிக்கும் அதே விதிதான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

"எங்க வீட்டுப் பிள்ளை தொடாது அண்ணாச்சி, சொல்லி வச்சிருக்கேன்" என்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. வெல்லப் பானையைத் தொடாதே என்றும் சொல்லித்தானே வைத்திருக்கிறீர்கள்?

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 2023 ஜனவரி 6-ந் தேதி. வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஒண்ணாம் வகுப்புப் பையன், வயசு ஆறு. அலகரைப் பையனின் வயசுதான். பையிலிருந்து துப்பாக்கியை எடுத்துத் தன் டீச்சரைச் சுட்டான். டீச்சர் பிழைத்துக்கொண்டார். துப்பாக்கி அம்மாவுடையது. அலமாரி உச்சியில், பூட்டோடு வைத்திருந்ததாகக் குடும்பத்தார் தரப்பில் சொன்னார்கள். அதிகாரிகள் தேடிப் பார்த்தார்கள். பூட்டும் கிடைக்கவில்லை, சாவியும் கிடைக்கவில்லை. இழுப்பறை மேல் ஏறி எட்டி எடுத்தேன் என்றானாம் பையன். தாயார் சிறைக்குப் போனார்.

உச்சியில் வைத்தால் எட்டாது என்பது பெரியவர்கள் கணக்கு. ஸ்டூல் என்று ஒரு சாமான் உலகத்தில் இருக்கிறது.

அந்த நாட்டில் புளோரிடா மாநிலம் 1989-லேயே சட்டம் போட்டது. பிள்ளை கைக்குக் கிடைக்கிற மாதிரி துப்பாக்கியை விட்டு வைத்தால் பெரியவர் மீது வழக்கு. மிச்சிகன் மாநிலத்தில் 2021 நவம்பரில் 15 வயசுப் பையன் ஒருவன் பள்ளிக்கூடத்தில் நாலு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். வீட்டில் துப்பாக்கியைப் பத்திரமாக வைக்கவில்லை என்று அவன் அப்பா, அம்மா ரெண்டு பேர் மீதும் வழக்கு. 2024 ஏப்ரலில் ரெண்டு பேருக்கும் குறைந்தது 10 வருஷம் ஜெயில். 2020-லிருந்து அந்த நாட்டில் பிள்ளைகள், வாலிபர்கள் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கிதான். கார் விபத்தைக் கூட மிஞ்சிவிட்டது.

"அது அமெரிக்கா, வீட்டுக்கு வீடு துப்பாக்கி. இங்கே யாரிடம் இருக்கிறது?" என்று கேட்பது நியாயமான கேள்வி. நம் ஊரில் துப்பாக்கி குறைவுதான். கடவுள் புண்ணியம். ஆனால் அந்தக் கொஞ்சமும் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதே! அமெரிக்காவில் கடையில் வாங்கினதற்கு ரசீதாவது இருக்கும்.

லைசென்ஸ்காரர்களுக்கு

பணக்கார வீட்டு விஷயத்துக்கும் வருவோம். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற மில் அதிபர், பண்ணையார், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், வங்கிக் காவலாளி எல்லாரும் இரட்டைக்குழல் சொந்தக்காரர்கள். இவர்களுக்கு 1959-ம் வருஷப் படைக்கலச் சட்டம் இருக்கிறது. 2016-ல் புது விதிகளும் வந்தன. லைசென்ஸ் கேட்கிறவர் துப்பாக்கியை எப்படிக் கையாள்வது, எப்படிப் பத்திரமாக வைப்பது என்று பயிற்சி எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. 2019-ல் திருத்தம் செய்து, ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கியை மூன்றிலிருந்து ரெண்டாகக் குறைத்தார்கள். லைசென்சின் ஆயுளை மூணு வருஷத்திலிருந்து அஞ்சு வருஷமாக ஆக்கினார்கள்.

அஞ்சு வருஷம்! கல்யாணம் ஆகாத காலத்தில் லைசென்ஸ் புதுப்பித்தவர் வீட்டில், அடுத்த தடவை புதுப்பிக்கும்போது மூணு வயசுப் பிள்ளை ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் யாராவது வந்து "துப்பாக்கி எங்கே இருக்கு, பூட்டைக் காட்டுங்க" என்று கேட்கிறார்களா? தேர்தல் வந்தால் மட்டும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். கலவரம் வரும் என்ற பயம். பிள்ளை வீட்டில் இருப்பதற்குப் பயப்பட ஆள் இல்லை.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில். இரும்புப் பெட்டியைச் சுவரோடு முடுக்கி விட வேண்டும். சாவி பெரியவர் இடுப்பில். சாமி படத்துக்குப் பின்னால் அல்ல, அரிசி டப்பாவுக்குள் அல்ல. பீரோ சாவி எங்கே என்று அப்பாவைக் கேட்டுப் பாருங்கள், முழிப்பார். ஆறு வயசுப் பயலைக் கேளுங்கள், ஓடிப்போய் எடுத்து வருவான். துடைத்து எண்ணெய் போடுகிற நேரத்தில் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, குழாயைக் கண்ணால் பார்த்து, விரல் விட்டுத் தடவி, காலிதானா என்று உறுதி செய்ய வேண்டும். "காலிதான்னு நினைச்சேன்" என்பது நான் ஸ்டேஷன் வாசலில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வசனம்.

நம் ஊர் நாயை நினைத்துப் பார்க்கிறேன். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலையே போட்டார்கள். பன்றி வேட்டைக்குப் பேர் போன நாய். அதை வளர்க்கிறவர் சங்கிலி வாங்குகிறார். கூண்டு அடிக்கிறார். "நாய் ஜாக்கிரதை" என்று வாசலில் போர்டும் தொங்க விடுகிறார். வீட்டுக்குள் அதை விட மோசமாகக் கடிக்கிற சாமான் ஒன்று கட்டாமல் கிடக்கிறது.

ஏர்கன் விளையாட்டுச் சாமானா?

மா சீசன் வந்தால் ஏர்கன் வெளியே வரும். குரங்கு விரட்ட, அணில் விரட்ட, கிளி விரட்ட. சின்ன ரகத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதால் அது பொம்மை என்று ஆகிவிட்டது. ஈயக் குண்டு ஒரு மணி அளவுதான். ஆனால் பக்கத்தில் நின்றால் கண்ணைப் பறிக்க அது போதும். சும்மா சுவரில் சாத்தி வைத்துவிட்டு மத்தியானம் தூங்கினால், பள்ளிக்கூட லீவில் இருக்கிற பிள்ளைகள் தூங்குவார்களா?

தோப்பு முதலாளிகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் மாங்காய் திருட வருவார்கள். நீங்களும் உங்கள் காலத்தில் அடுத்தவன் தோப்பில் சப்பட்டை மாங்காய் அடித்தவர்தான். 2011 ஜூலை 3-ந் தேதி சென்னையில் ராணுவக் குடியிருப்புக்குள் வாதாங்கொட்டை பறிக்கச் சுவர் ஏறிப் போன 13 வயசுப் பையனை, ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் சுட்டார். பையன் செத்தான். 2012-ல் கோர்ட்டு ஆயுள் தண்டனை விதித்தது. பயிற்சி பெற்ற, படித்த மனிதர் அவர். ஆத்திரம் வந்த நிமிஷத்தில் துப்பாக்கி கையெட்டும் தூரத்தில் இருந்தது. பூட்டு பிள்ளைக்காக மட்டும் இல்லை, நமக்காகவும்தான் என்று அந்த வழக்கைப் படித்தபோது தோன்றியது.

போலீசாரும் வனத்துறையும்

சட்டத்தில் பயிர்க் காவலுக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்க இடம் இருக்கிறது. அதற்கு மனுப்போட்டு அலைந்து ஓய்ந்தவர்கள் உண்டு. ஓய்ந்து போனவர்களில் சிலர்தான் பட்டறைக்குப் போகிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்டால் ரெண்டு வருஷத்துக்குக் குறையாத ஜெயில், அஞ்சு வருஷம் வரை போகலாம். வழக்குக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுப் படிக்கட்டு ஏறி இறங்க வேண்டும்.

லைசென்ஸ் இருந்தாலும் பன்றியைச் சுடும் உரிமை தானாக வந்துவிடாது. 2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவு சொன்னது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோ மீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோ மீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் சுடலாம். அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும். நம் அடிவாரத் தோப்புகள் எத்தனை கிலோ மீட்டரில் இருக்கின்றன என்று பார்த்தால், பல தோப்புக்காரர்களுக்கு இந்த உத்தரவால் பலன் குறைவு என்பது புரியும். அவர்களுக்கு நஷ்ட ஈடுதான் வழி. அது மனுக் கொடுத்த மாசத்தில் வந்தால் ஒருத்தன் பரணில் இருக்கிறதை இறக்கிக் கொடுக்க மனசு வரும். ஒரு வருஷம் கழித்து வந்தால் வராது. வனத்துறை இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

போலீசாருக்கு ஒரு வார்த்தை. வடக்கே கிருஷ்ணகிரி, வேலூர் பக்கத்து மலைக் கிராமங்களில் ஒரு வழி செய்து பார்த்தார்கள். ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். கெடு கொடுத்தார்கள். தானாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்றார்கள். துப்பாக்கிகள் வந்தன. ஸ்டேஷனுக்கு வரப் பயந்தவர்கள் ரோட்டோரம் கூடப் போட்டுவிட்டுப் போனார்கள். போட்டது யார் என்று துருவாமல் அள்ளிக்கொண்டு வந்ததுதான் கெட்டிக்காரத்தனம்.

அதை இங்கேயும் செய்யலாம். ராத்திரி ரெய்டு வந்து குடிசையைக் கலைப்பதால் துப்பாக்கி இன்னும் ஆழமாக ஒளியும். பயம்தான் அலகரையில் ஒரு பிள்ளையின் சாவையே மூடி மறைக்க வைத்தது.

ஒப்படைக்க நினைக்கிறவர்களுக்கு முக்கியமான சங்கதி: கெட்டித்த துப்பாக்கியைப் பரணிலிருந்து நீங்களாக இறக்கி, பஸ்சில் சாக்குப் பையில் சுருட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வராதீர்கள். மருந்தைக் கிளறி எடுக்கவும் முயற்சி செய்ய வேண்டாம். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, அறையைப் பூட்டிவிட்டு, பஞ்சாயத்துத் தலைவரையோ கிராம நிர்வாக அதிகாரியையோ கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். போலீசார் ஆளோடு வந்து எடுத்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. அவுட்டுக்காய் கண்ணில் பட்டாலும் அப்படித்தான். கை வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், 112-க்குப் போன் போடுங்கள்.

அந்தத் தோப்புப் பெரியவரிடம் கிளம்பும்போது கேட்டேன்: "உங்க குடிசையில இருக்கா தாத்தா?"

"முன்னால இருந்திச்சு. இப்ப இல்ல. பேரன் நடக்க ஆரம்பிச்ச அன்னைக்கு முதலாளிகிட்ட சொல்லிட்டேன், ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு."

"அப்புறம் பன்னிக்கு?"

"தகரம் தட்டுறேன் தம்பி. ராத்திரி பூரா."

கோடை லீவு விடுவதற்குள் மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டு, ஒப்படைக்க ஒரு தேதியும் இடமும் அறிவிக்க வேண்டும். சேத்தூரிலிருந்து வத்திராயிருப்பு வரை தண்டோரா போடட்டும். வழக்கு இல்லை என்பதையும் அதே தண்டோராவில் சேர்த்துச் சொல்லட்டும்.